சிவப்பு மையில் இரண்டு சொற்கள்

என்னிடம் ஒரு ராஜினாமாக் கடிதம் இருக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாளில், நீல மையில், எங்கள் பேரூராட்சித் தலைவருக்கு எழுதியது. "வார்டு உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். காரணம் கூற விரும்பவில்லை" என்று இரண்டே வரி. கீழே ஜமீலாவின் கையெழுத்து.

கடிதம் முழுதாக இல்லை. ரவிக்கையின் கைப்பகுதியை வெட்டுவதற்கு முன்னால் தையற்காரர்கள் காகிதத்தில் ஓர் அச்சு வெட்டிக்கொள்வார்கள் அல்லவா, அந்த வடிவத்தில் இருக்கிறது. மேலே மேடு போல ஒரு வளைவு, கீழே நேர்கோடு, ஓரம் நெடுகக் குண்டூசித் துளைகள். 'பெறுநர்' என்ற சொல்லில் பாதி இல்லை. வலது மேல் மூலையில் தேதி எழுதுவது ஜமீலாவின் பழக்கம். அந்த மூலை கத்தரியோடு போய்விட்டது.

மில்லின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, ஆள் உள்ளே வந்த நிமிடத்தைக் குறித்தே பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்று இந்தத் தொடரில் தேதிகளைத் தவிர்க்கிறேன். ஆனால் வீட்டு நோட்டுகளில் எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. மில் சங்கு நின்றுபோனதைப் பற்றிப் போன வாரம் எழுதியபோது மழைக்காலம் என்று சொல்லியிருந்தேன். அது பங்குனி என்று சோமனூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சரிபார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

என் அலமாரியில் தேதி இல்லாமல் இருக்கும் ஒரே ஆவணம் இந்தக் காகிதக் கைதான். அது என்னிடம் எப்படி வந்தது என்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

ஈரப் பேப்பர்

அன்று காலை தூறல். கேட்டுக்குள் விழுந்திருந்த பேப்பரின் ஒரு பக்கம் நனைந்திருந்தது. ஒரு கையில் பால் பாக்கெட்டை வைத்துக்கொண்டு, மறு கையால் மாவட்டச் செய்திப் பக்கத்தை உதறிப் பிரித்தேன்.

எங்கள் ஊர் அன்னூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. மாவட்டப் பக்கத்தில் எங்களுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். அன்று பக்கத்தின் உச்சியிலேயே இருந்தோம்.

"துண்டுக்குள் விரல் பிடித்த பெண் கவுன்சிலர்! பேரூராட்சி விவாதத்தில் திடீர் பல்டி."

மாட்டுச் சந்தைக்குப் போகாதவர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே தரகர்கள் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. இருவர் கை கோத்துக்கொள்ள, அதன்மேல் ஒரு துண்டு விழும். துண்டுக்கடியில் விரல்களைத் தொட்டுத் தொட்டே விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஜமீலா அப்படித்தான் தலைவரோடும் எதிர்ப் பக்கத்து உறுப்பினரோடும் மறைவாகப் பேரம் முடித்துத் தன் ஓட்டை மாற்றிக்கொண்டார் என்றது செய்தி. என்ன பேரம், யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று எந்த வரியிலும் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. துண்டைப் போட்டாகிவிட்டது. அடியில் என்ன இருந்தது என்பதைப் படிக்கிறவர்களே போட்டுக்கொள்வார்கள்.

பால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். அந்தத் துண்டு என்னுடையது.

போருக்கு இரண்டு நோட்டு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டைம் ஆபீஸுக்கு மூன்று பேப்பர் வரும். ஷிப்ட் மாறி, கூட்டம் ஓய்ந்தபிறகு மூன்றையும் படிப்பேன். ஒருநாள் சட்டசபையில் நடந்த ஒரே விவாதத்தை மூன்றிலும் படித்தேன். முதல் பேப்பரில் அனல் பறந்தது. இரண்டாவதில் எதிர்க்கட்சி கிடுக்கிப்பிடி போட்டது, அமைச்சர் திணறினார். மூன்றாவதில் ஒருவரையொருவர் வறுத்தெடுத்தார்கள். தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவதா, பயில்வானைக் கூப்பிடுவதா, சமையற்காரரைக் கூப்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி எதைப் பற்றித்தான் பேசினார்கள் என்று தேடினேன். பஸ் கட்டணம். கடைசிப் பத்தியில் அரை வரி.

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன். பேப்பர்கள் விவாதங்களுக்குப் போடும் உருவகங்களை வகை பிரித்து எழுதுவது என் பொழுதுபோக்காயிற்று. மல்யுத்தம் ஒரு பகுதி, சமையல் ஒரு பகுதி, வானிலை ஒரு பகுதி. 'வெளுத்து வாங்கினார்' என்பதற்காகச் சலவை என்று தனியாக ஒன்று. பிறகு கிரிக்கெட் வந்தது. டி.வி. விவாதங்கள் வந்தபிறகு 'தெறிக்கவிட்டார்' வந்தது. அதை எந்தப் பகுதியில் சேர்ப்பது என்று இன்னும் முடிவுசெய்யவில்லை. போருக்கு ஒரு நோட்டு போதவில்லை. கணை, களம், வியூகம், முற்றுகை, பதிலடி என்று நிறைந்துபோய் இரண்டாவது நோட்டு வாங்கினேன்.

"ஏனுங் அம்மணி, ஊட்டுல பருப்பு டப்பாவையும் இப்பிடித்தான் பிரிச்சு வெச்சிருப்பீங்களா?" என்று எங்கள் சூப்பர்வைசர் கேட்டார். ஆமாம், அப்படித்தான் வைத்திருந்தேன்.

நோட்டில் ஒரு பக்கம் மட்டும் நிறையவே இல்லை. 'மனம் மாறினார்' என்று தலைப்பிட்டு வைத்த பக்கம் அது. எதிராளி சொன்னதைக் காதில் வாங்கி, யோசித்து, சரிதான் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் அதைப் பேப்பரில் எப்படிச் சொல்வார்கள்? பல்டி அடித்தார். சரணடைந்தார். பின்வாங்கினார். விலைபோனார். எனக்குக் கிடைத்தவை இவ்வளவுதான். போர்க்களத்தில் தோற்பதற்கு வழி உண்டு, கேட்டுப் புரிந்துகொள்வதற்கு வழி இல்லை. கோதாவிலும் அப்படியே.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை உண்டு. எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருமுறை இதைப் பற்றி நீட்டி முழக்கிப் பேசியும் இருக்கிறேன். கைதட்டினார்கள்.

டீ இடைவேளை

ஜமீலா பழைய கோயமுத்தூரில் துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்து, பஸ் ஸ்டாப் பக்கத்தில் தையற்கடை வைத்தார். கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. பேரூராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை, ஜெயித்தார்.

நான் ரிட்டையர் ஆன நாளிலிருந்து, மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் அங்கே போவேன். எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. நான் பேப்பரை வாசிப்பேன், அவர் காஜா எடுத்தபடி கேட்பார். "அக்கா, இது சமையல்லீங்களா, சலவைலீங்களா?" என்று கேட்டு என்னை மடக்குவார். என்னைவிடப் பத்து வயதுக்குமேல் சின்னவர். ஆனாலும் எனக்கு அவரைப் போல இன்னொரு சிநேகிதி கிடையாது.

அந்த வருடம் ஊரில் பேச்செல்லாம் வாரச்சந்தைத் திடலைப் பற்றியே. அதில் பஸ் நிலையம் கட்ட வேண்டும் என்றது தலைவர் பக்கம். சந்தையைத் தொடாதே, பஸ் நிலையத்தைப் புறவழிச்சாலைக்குக் கொண்டுபோ என்றது எதிர்ப் பக்கம். இரண்டு பக்கத்துக்கும் சமமான ஆட்கள். ஜமீலா எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அந்தப் பக்கம்தான் தீர்மானம். முதல் கூட்டத்தில் அவர் சந்தைக்காகப் பேசினார். கூச்சலில் கூட்டத்தை ஒத்திவைத்தார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கத்தினார்கள். சொன்னதையே சொன்னார்கள். பிறகு டீ வந்தது.

டீ இடைவேளையில் எல்லோரும் வராந்தாவுக்குப் போக, மூன்று பேர் மட்டும் உள்ளே இருந்தார்கள். தலைவர், எதிர்ப் பக்கத்து மூத்த உறுப்பினர், ஜமீலா. மேசைமேல் திடலின் வரைபடம். மின்விசிறிக் காற்றில் அது பறக்க, தலைவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டார். மூவரும் குனிந்தார்கள். பெஞ்சிலிருந்து எனக்குத் தெரிந்தவை மூன்று முதுகுகளும் தொங்கும் துண்டின் நுனியும்தான்.

டீ முடிந்து ஜமீலா எழுந்து பேசினார். திடலின் வடபாதியில் பஸ் நிலையம் வரட்டும். தண்ணீர்த் தொட்டியும் மாட்டுக் கொட்டகையும் இருக்கிற தென்பாதி சந்தைக்கே என்று தீர்மானத்தில் எழுதுங்கள், கை தூக்குகிறேன் என்றார். எழுதினார்கள். தூக்கினார். எதிர்ப் பக்கத்தில் சிலர் வெளிநடப்புச் செய்தார்கள்.

என் நோட்டுப் பக்கத்தில் இரண்டு மை. நடந்ததை நீலத்தில் எழுதுவேன். என் மனசில் பட்டதை வலது ஓரத்தில் சிவப்பில் எழுதுவேன். டைம் ஆபீஸ் பழக்கம் அது. அங்கே தாமதமாக வந்தவர் பெயர்தான் சிவப்பில் ஏறும்.

அன்று நீலத்தில் எழுதியது: "இடைவேளை. மூவரும் வரைபடத்தைப் பார்த்தனர். தென்பாதி சந்தைக்கே எனத் தீர்மானத்தில் சேர்ப்பு."

சிவப்பில் எழுதியது: "துண்டுப் பேரம்."

எழுதியபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. உருவகம் அவ்வளவு அழகாக உட்கார்ந்துவிட்டது.

கூட்டம் முடிந்த கையோடு செந்திலிடமிருந்து போன் வந்தது. செந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், எங்கள் ஊருக்குப் பகுதிநேர நிருபர்.

"அக்கா, கூட்டத்துல என்னுங் ஆச்சு? நான் இங்க அவினாசி ரோட்டுல லாரி கவுந்த எடத்துல நிக்கறனுங்க. உங்க நோட்ட ஒரு போட்டோ எடுத்து உடுங்க்கா. பொழுதோட நியூஸ் குடுத்தாகோணும்."

அனுப்பினேன். முழுப் பக்கத்தையும். ஓரத்தோடு.

ஏழு மணிக்கு ஒரு போன்

ஈரப் பேப்பரைப் படித்துவிட்டு நான் செந்திலைக் கூப்பிட்டபோது மணி ஏழு.

"ஏப்பா செந்தில், இப்பிடிப் போட்டுட்டியே?"

"நீங்க எழுதுனதுதானுங்க்கா."

"அது ஓரத்துல எழுதுனதப்பா. எனக்குன்னு எழுதிக்கிட்டது."

"ஓரத்துல இருக்கறதுதானுங்க்கா தலைப்புக்கு ஆகுது. நடுவுல இருக்கறத வெச்சு என்னத்தப் பண்றது? 'வரைபடத்தைப் பார்த்தனர்'னு தலைப்புப் போட்டா, ஆபீஸ்ல என்னைய ஒரு மாதிரி பாப்பாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஜமீலாக்கா கேட்டா என்னுங் சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத" என்றேன்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நடந்தது இதுதான். ஒன்றும் சொல்லாதே என்று நான் சொன்னேன்.

அன்று முழுவதும் ஜமீலாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் ரொட்டி வாங்கப் பேக்கரிக்குப் போனால், டீ குடித்துக்கொண்டிருந்த இருவர் பேசியது காதில் விழுந்தது.

"அந்தத் துண்டு எத்தன மொழமாம்?"

"மெம்பரம்மா கடையிலயே தெச்சதா இருக்கும் போ."

சிரித்தார்கள். ரொட்டி வாங்காமல் திரும்பினேன். வழியில் செந்தில் வண்டியை நிறுத்தி, "ஜமீலாக்கா ராஜினாமா எழுதி வெச்சுட்டாங்களாமுங்க" என்றார். சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்து, ஜமீலாவிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அங்கேயும் கத்தி, முதுகு, கரும்புள்ளி என்றே வந்தது. எல்லாம் என் நோட்டில் இருப்பவை. 'நான்தான் எழுதினேன்' என்ற சாதாரண வாக்கியம் மட்டும் வரவில்லை.

சந்தைநாள்

அதற்கு மறுநாள் சந்தை. மதியம் கடைக்குப் போனேன்.

"வாங்க்கா" என்றார் ஜமீலா. மிஷினிலிருந்து தலையை எடுக்கவில்லை. என் ஸ்டூலின்மேல் துணிமூட்டை ஒன்று இருந்தது. வழக்கமாக நான் படியேறும்போதே எடுத்துவிடுவார். அன்று எடுக்கவில்லை. நின்றேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு குரல்.

"ஏனுங் மெம்பரம்மா, உள்ள வரலாமுங்களா?"

நாச்சிமுத்து. காங்கேயம் பக்கத்து மாட்டுத் தரகர். வாரம் தவறாமல் எங்கள் சந்தைக்கு வருபவர். தோளில் துண்டு, கக்கத்தில் மடித்த பேப்பர். அந்தப் பேப்பரேதான்.

"பேப்பரப் பாத்துட்டுத் திட்ட வந்தீங்களாக்கும்" என்றார் ஜமீலா.

"திட்டறதா? நல்லா இருக்குதே! சந்தையே படிச்சுதுங்க. மெம்பரம்மா நம்ம தொழிலுக்கு வந்துட்டாங்கன்னு அவனவன் பேசிச் சிரிக்கறானுங்க. தென்பாதி எங்களுக்குன்னு எழுதியே வாங்கிப்போட்டீங்களே, அது போதுமுங்க."

"பேரம் பேசுனேன்னு போட்டிருக்குதுங்களே?"

"பேசாம எப்பிடிங்க ஒரு காரியம் முடியும்?" நாச்சிமுத்து பேப்பரை விரித்து, தலைப்பின்மேல் விரலால் தட்டினார். "ஆனா ஒண்ணுங்க. இத எழுதுன ஆளு சந்தைப் பக்கமே வந்திருக்க மாட்டாருங்க. மூணு பேரு துண்டுக்கடியில கைய உட்டாங்கன்னு போட்டிருக்குது. மூணு பேரு கைய உட்டா ஆரு வெரலு ஆருதுன்னு எப்பிடிங்க தெரியும்? ஒருத்தன் தன்ற வெரலையே புடிச்சுட்டு வெல பேசிட்டு நிப்பானுங்க."

ஜமீலா முதல்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "கேட்டீங்களாக்கா? விசயந் தெரியாத ஆளு எழுதியிருக்குதாம்."

எனக்குக் காது சுட்டது. தகவல் பிழை என்ற குற்றச்சாட்டை என் வாழ்நாளில் நான் அதிகம் கேட்டதில்லை. அந்த மாதத்தில் அது முதல் தடவை.

ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "அதென்னுங்க மறைச்சு மறைச்சுப் பேசறது? நல்லதுன்னா வெளிய பேசலாமுங்களே?"

"மறைக்கறது வெலைய இல்லீங் அம்மணி, வீம்பைங்க." தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக் காட்டினார். "நாலு பேரு பாக்க வாயில ஒரு வெல சொல்லிப்போட்டான்னு வைங்க, அதுலருந்து எறங்கமாட்டான். எறங்குனா கேவலம்னு நெனப்பான். இதுக்கடியில எறங்குனா ஆருக்குத் தெரியும்? இவன் சித்தெ எறங்குவான், அவன் சித்தெ ஏறுவான், ஒரு எடத்துல வந்து நிப்பாங்க. கை குடுத்தாக் குடுத்ததுதானுங்க. அப்பறம் மாத்திப் பேசுனவன் மறுவாரம் இந்தத் திடல்ல நிக்க முடியாது."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "மாடு பூட்டிட்டு நிக்குதுங்க. வாரேனுங்க" என்று இறங்கிப் போனார்.

நான் சட்டசபையை நினைத்தேன். அவ்வளவு பேர், அவ்வளவு கேமரா, அடுத்த நாள் அவ்வளவு பேப்பர். அங்கே எவரால் இறங்க முடியும்? இறங்கிய மறுநாள் என்ன தலைப்பு வரும் என்று என் நோட்டைப் பார்த்தாலே தெரியுமே.

பத்தடி தூரம்

நாச்சிமுத்து போனதும் எனக்கு வந்தது நிம்மதி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கெட்ட யோசனையும் வந்தது. சந்தைக்காரர்கள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். ஜமீலாவின் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் இனி எதற்குச் சொல்ல வேண்டும்? பேப்பரை எடுத்துப் பிரித்து, வழக்கம்போல வாசிக்கத் தொடங்கினால் போதும்.

பேப்பரைக் கையில் எடுக்கவும் எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

"அம்மணி, அந்தத் தலைப்பு செந்தில் யோசிச்சதில்ல. நான்தான் எழுதுனேன்."

மிஷின் நின்றது. ஜமீலா மேசை டிராயரைத் திறந்து, போனை எடுத்து, என்னிடம் நீட்டினார். திரையில் என் நோட்டுப் பக்கம். ஓரத்தில் சிவப்பு.

"முந்தாநேத்து காத்தால எட்டே காலுக்கு வந்துதுங்க்கா. தேதி, நேரம் எல்லாம் இருக்குது பாருங்க, உங்களுக்குப் புடிக்குமே. நான் செந்திலத் திட்டுனேன். அவன் பயந்துட்டு இத அனுப்பிச்சான். 'சொல்ல வேண்டாம்னு அக்கா சொன்னாங்க'ன்னு அதையுஞ் சேத்தித்தான் அனுப்பிச்சான்."

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்டுத் துணிகள், நூல் கண்டு, உடைந்த பொத்தான் ஒன்று.

"ஏன் போனை எடுக்கலீங்க?"

"எடுத்திருந்தா போன்லயே சொல்லி முடிச்சிருப்பீங்க. நேர்ல வாறீங்களான்னு பாத்தேன்." பிறகு குரலை இறக்கிக் கேட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க்கா. நான் பேரம் பேசுனேன்னு உங்களுக்கு நெசமாவே தோணுச்சுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "அந்த நிமிசம் தோணுச்சு" என்றேன். "எனக்கு உங்க முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது."

"எந்திரிச்சு வந்து பாத்திருக்கலாமில்லீங்க? பெஞ்சுக்கும் மேசைக்கும் பத்தடி. துண்டுக்கடியில என்ன இருந்துது தெரியுமா? இந்த டேப்பு." கழுத்திலிருந்ததை இழுத்துக் காட்டினார். "தென்பாதில தொட்டியும் கொட்டகையும் அடங்குதான்னு படத்து மேல வெச்சு அளந்துட்டிருந்தேன். அடங்குச்சு. அதனால மாத்துனேன். துணிய வெட்டறதுக்கு முன்னால அளவத் திருத்துனா அது பல்டியாக்கா? வெட்டுனதுக்கப்பறம் முடியாதுன்னுதான அளக்கறது?"

பல வருடமாக நிறையாமல் கிடந்த என் நோட்டுப் பக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. அதைப் பற்றி மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவள், கண்ணெதிரே ஒருவர் மனம் மாறியபோது சிவப்பு மையைத்தான் எடுத்தேன்.

"தப்புத்தானுங்க" என்றேன். வேறு உருவகம் எதுவும் வரவில்லை. நல்லவேளை.

"ராஜினாமா?" என்று கேட்டேன்.

ஜமீலா வெட்டுமேசையைக் கண்ணால் காட்டினார். பச்சைத் துணியின்மேல் ஒரு காகித அச்சைக் குண்டூசி குத்தி வைத்திருந்தார். துணி என்னுடையது. தம்பி மகன் கல்யாணத்துக்கென்று இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் கொடுத்த ரவிக்கைத் துணி. குனிந்து பார்த்தேன். காகிதத்தில் நீல மையில், 'விலகிக்கொள்கிறேன்.'

"நோட்டுல வேற தாளு இல்லீங்க்கா" என்றார் ஜமீலா. "உங்க கை அளவுக்கு அதுதான் பத்துச்சு."

அச்சை நேற்றே வெட்டிவிட்டாராம். அப்படியென்றால் நாச்சிமுத்து படியேறும் முன்னால், நான் வாயைத் திறக்கும் முன்னால், பேக்கரியில் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்திலேயோ என்னவோ, அவர் என் ரவிக்கையை வெட்டத் தயாராகியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே மூக்கும் ஒழுகியது. ஜமீலா ஒரு வெட்டுத் துணியை எறிந்தார். துடைத்துக்கொண்டேன்.

பிறகு ஜமீலா எழுந்து ஸ்டூலின்மேல் இருந்த மூட்டையை எடுத்துக் கீழே வைத்தார்.

"உக்காருங்க. பேப்பர வாசிங்க, கேப்போம். இன்னைக்கு என்னுங், போரா, சமையலா?"

நான்கு வரி

அடுத்த வாரம் மாவட்டப் பக்கத்தின் கீழ்மூலையில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்தது. சந்தைத் திடலின் தென்பாதி சந்தைக்கே என்று மன்றத் தீர்மானத்தில் பதிவாகியிருக்கிறது, வரைபடத்தை அளந்து பார்த்த பின்னரே உறுப்பினர் ஜமீலா ஆதரவளித்தார், பேரம் என்று முன்பு வெளியானது சரியன்று. நானும் செந்திலும் உட்கார்ந்து எழுதியது. ஒரு உருவகம்கூட இல்லை.

"இத எப்பிடிப்பா போட்டாங்க?" என்று செந்திலைக் கேட்டேன்.

"வெளம்பரம் ஒண்ணு கடைசி நேரத்துல வரலீங்க்கா. எடம் காலியா இருந்துது."

முதல் செய்தியையும் இந்த நான்கு வரியையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே ஒட்டிவைத்திருக்கிறேன். 'மனம் மாறினார்' பக்கத்தில் இரண்டு வரி புதிதாகச் சேர்ந்தன: 'அளவைத் திருத்தினார்', 'துண்டுக்கடியில் இறங்கினார்'. எந்தப் பேப்பரும் இவற்றை இதுவரை எடுத்துக்கொள்ளவில்லை. சிவப்புப் பேனாவை நான் விடவில்லை. ஆனால் முதுகு மட்டும் தெரிகிற நேரத்தில் அதைத் திறப்பதில்லை. எழுந்து போய்ப் பார்க்கிறேன். பத்தடி தூரம்தான்.

பஸ் நிலையம் வடபாதியில் வந்துவிட்டது. தென்பாதியில் வாராவாரம் மாடுகள் நிற்கின்றன.

பச்சை ரவிக்கையைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டேன். கை கச்சிதமாக இருந்தது. கல்யாணம் முடிந்து கடைக்குப் போனபோது, அந்தக் காகித அச்சைக் கோப்பில் வைக்கக் கேட்டேன். கிறுக்கு என்பது போலப் பார்த்தாலும் டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

புரட்டிப் பார்த்தேன். "தேதி எங்கீங்க அம்மணி?"

"வெட்டுனதுல போயிருச்சுங்க்கா."

"எப்ப எழுதுனீங்க? செந்தில் போட்டோ அனுப்பறதுக்கு முன்னாலீங்களா, அப்பறமுங்களா?"

ஜமீலா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஊசியில் கோத்தார். "உங்க நோட்டுல ஒரு எடமாச்சும் காலியா இருக்கட்டுமே" என்றார்.

முன்னால் எழுதியிருந்தால், பேப்பரின் தலைப்பைப் பார்த்து எழுதியது. அப்புறம் என்றால், என் கையெழுத்தைப் பார்த்து எழுதியது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் எனக்குத்தான் பெரிது, அவருக்கு இல்லை போலிருக்கிறது. செந்திலின் போட்டோ அவருக்குப் போய்ச் சேர்ந்தது காலை எட்டே காலுக்கு. அதை நானே போனில் பார்த்தேன், அது உறுதி. ராஜினாமாக் கடிதம் எழுதப்பட்ட நேரம் இன்றுவரை உறுதிப்படவில்லை.